பதினாலாம் நூற்றாண்டு மாப்பிள்ளை

விண்ணரசி டீச்சர் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தபோது, தூசியோடு ஒரு தலையும் உருண்டு வந்தது.

டீச்சர் அலறவில்லை. ஆறாம் வகுப்புப் பையன்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தே ஓய்வு பெற்றவர். துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தால் தலையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். டங், டங் என்றது. அதற்கப்புறம்தான், "அந்தோணியாரே!" என்றார்.

குளித்துக்கொண்டிருந்த கிளமென்ட் இடுப்புத் துண்டோடு ஓடி வந்தான்.

"என்னடா இது?"

"தலைக்கவசம்மா."

"ஹெல்மெட்டா? இதைப் போட்டுக்கிட்டு எந்த வண்டிடா ஓட்டுவ? கண்ணுக்கு ஒரு கோடுதான் கிழிச்சு வெச்சிருக்கான்."

டீச்சர் குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸை இழுத்தார். அது நகரவில்லை. படுத்தபடியே திறந்தார். உள்ளே இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த முழுக்கைச் சட்டை, இரும்புத் தகடு வைத்த கையுறைகள், அவர் போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய எட்டு முழ வேட்டியில் சுற்றிய ஒரு நீளமான வாள்.

"ஜெர்மனியிலேருந்து எம்புள்ள சூட்கேஸ் நெறையா சாக்லேட்டு கொண்டாந்துருக்கான்னு தெருப்பூரா சொல்லி வெச்சிருக்கேன்," என்றார் டீச்சர். "இதை எப்படிடா பங்கு போட்டுக் குடுக்குறது?"

கிளமென்ட்டுக்கு உண்மையைச் சொல்ல ஆசைதான். ஆனால் அது சொல்வதற்கு வசதியான உண்மை இல்லை.

சாஃப்ட்வேர் கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பியபோது, வாரத்தில் ஐந்து நாள் வேலை இருந்தது. சனி ஞாயிறு என்ன செய்வதென்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க அறையில் ரசம் வைத்துக் குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் ஆபீஸில் ஒருவர் அவனை ஒரு பழைய ஜிம்னாசியத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், இரண்டு வாத்தியார்கள், எல்லோரும் பதினாலாம் நூற்றாண்டுக் கவசம் போட்டுக்கொண்டு, முனை மழுக்கிய வாள்களால் ஒருவரையொருவர் முறைப்படி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டி முடித்ததும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட கிரிக்கெட்டில் கடைசி ஆளாகக்கூடச் சேர்க்கப்படாதவன் கிளமென்ட். அந்த ஜிம்னாசியத்தில் முதல் நாளே ஒரு கவசத்தை மாட்டிவிட்டு, "தோள் நல்ல தோள்," என்றார்கள். அவன் அப்படியே அங்கேயே தங்கிவிட்டான். மூன்றாவது வருஷம் சொந்தமாகக் கவசம் செய்துகொண்டான். அதைத் தவிர அவனுக்கு அந்த நாட்டில் சொந்தம் என்று எதுவும் இல்லை.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். போன வருஷம் கும்பகோணத்துச் சம்பந்தம் ஒன்று கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில், பெண்ணின் அண்ணன் ஆர்குட்டில் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டான். கிளமென்ட் பல் டாக்டரின் நெஞ்சில் ஒரு கால் வைத்து, வாளை உயர்த்திக்கொண்டு சிரிக்கும் போட்டோ. "பையன் ஏதோ இயக்கத்துல இருக்காராமே," என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அது என்ன போட்டோ என்று டீச்சருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அடுத்த சம்பந்தம் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தது.

"சொல்லுடா. பொண்ணோட அப்பா இன்னும் அரை மணியில வந்துடுவாரு. இது என்ன?"

"பாஸ்காம்மா," என்றான் கிளமென்ட்.

பெரிய வியாழன், பெரிய வெள்ளியை ஒட்டி, இயேசுவின் பாடுகளை ஊர்மக்களே நடித்துக் காட்டும் நாடகம்தான் பாஸ்கா. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில்களில் சாதாரணமாக நடப்பது.

"அங்க கோவில்ல பாஸ்கா போடுவாங்க. நான் ரோமப் படைவீரன். அந்த டிரெஸ்தான் இது."

டீச்சரின் முகம் மெழுகுவத்தி ஏற்றினாற்போல் ஆயிற்று. வெளிநாடு போன பிள்ளை பூசைக்குப் போகிறானோ இல்லையோ என்று மூன்று வருஷமாகக் கவலைப்பட்டவர். தலைக்கவசத்தை முந்தானையால் துடைத்து, டிவி மேல் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதை உள்ள வெச்சுடலாம்மா."

"ஏண்டா? வர்றவங்க பாக்கட்டும்."

வந்தவர் பெயர் அடைக்கலசாமி. குடவாசலைத் தாண்டி சூசையப்பர்புரம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மை பூசிய தலை. மைக் இல்லாமலே மைக் வைத்துப் பேசுவது போன்ற குரல். கூடவே தரகர் சாமிதுரை. அவர் வந்ததும் முறுக்குத் தட்டுக்கு நேராக உட்கார்ந்தார்.

அடைக்கலசாமி உட்காரவில்லை. கிளமென்ட்டைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"உயரம் எவ்வளவு தம்பி?"

"அஞ்சு பதினொண்ணு."

"கொஞ்சம் திரும்புங்க. ம். நல்ல முதுகு."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நல்ல முதுகுதாங்க," என்றார் டீச்சர்.

"சத்தமாப் பேச வருமா? 'நில்' அப்படின்னு சொல்லுங்க."

"நில்," என்றான் கிளமென்ட்.

"வயித்துலேருந்து."

"நில்!"

தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்றார். அடைக்கலசாமி திருப்தியோடு உட்கார்ந்தார். "லீவு ஈஸ்டர் வரைக்கும் இருக்குல்ல?"

"அதுக்கு மேலயும் ரெண்டு வாரம் இருக்குங்க."

"ஈஸ்டர் வரைக்கும் இருந்தாப் போதும்."

டீச்சருக்கு இந்த விசாரணை பிடித்திருந்தது. சம்பளத்தைக் கேட்காத பெண் வீட்டுக்காரரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. வீட்டுல வரலைங்களா?"

"வீட்டுல வர்றதுக்கு யாருங்க இருக்கா," என்றார் அடைக்கலசாமி, பெருமூச்சோடு.

பெண் பெங்களூரில் இருப்பதாகத் தரகர் முன்பே சொல்லியிருந்ததால், துணைக்கு அம்மாவும் அங்கேயே இருப்பார்போல என்று டீச்சர் எடுத்துக்கொண்டார்.

பெண் பெயர் ஜாஸ்லின். தரகர்தான் முறுக்குக்கு நடுவில் விவரம் சொன்னார். பெங்களூரில் கால் சென்டர் வேலை. ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரனோடு இங்கிலீஷ் பேசுவாள், பகலில் தூங்குவாள். அதனால் ஃபோனில் பிடிக்க முடியாது. போட்டோ மெயிலில் வந்துகொண்டிருக்கிறது. நெட் மெதுவாக இருப்பதால் இன்னும் வந்து சேரவில்லை.

"தவக்காலத்துல பொண்ணு பாக்குறது மொறையில்ல," என்றார் அடைக்கலசாமி. "ஈஸ்டர் முடிஞ்சதும் அம்மாவும் நீங்களும் வாங்க. அதுவரைக்கும் ஊருல யார்கிட்டயும் மூச்சு விட வேண்டாம். பேச்சு முடியற வரைக்கும் எதுவும் வெளிய தெரியக் கூடாது."

அப்போதுதான் அவர் கண் டிவி மேல் போயிற்று.

"எம்புள்ள ஜெர்மனியில பாஸ்காவுல நடிக்கிறாங்க," என்றார் டீச்சர்.

அடைக்கலசாமி எழுந்து நின்றார். தலைக்கவசத்தை இரண்டு கையாலும் எடுத்தார். நற்கருணைப் பாத்திரத்தை எடுப்பது போல எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்க ஊரு பாஸ்காவை நான்தாங்க நடத்துறேன். எங்கப்பாவுக்கு அப்புறம் நான்தான். முன்னெல்லாம் ஒரு வேஷத்துக்குப் பத்துப் பேரு சண்டை போடுவானுங்க. இப்ப பன்னெண்டு சீடருக்கு எட்டுப் பேருதான் தேறுறானுங்க. மிச்சம் நாலு பேரு துபாய்ல. போன வருஷம் பரபாஸ் சிங்கப்பூர் போயிட்டான். நூற்றுவர் தலைவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான்." அவர் கிளமென்ட்டைப் பார்த்தார். "ரோமப் படையோட தலைவன் இல்லாம இயேசுவை எப்படிங்க தம்பி கைது பண்றது?"

"இது ரோமானியக் கவசம் இல்லைங்க மாமா," என்றான் கிளமென்ட். வேறு எதில் பொய் சொன்னாலும் அதில் மட்டும் அவனால் முடியாது. "பதினாலாம் நூற்றாண்டு."

"எவ்வளவு வித்தியாசம்?"

"ஆயிரத்து முந்நூறு வருஷம்."

"பெயிண்டு அடிச்சாத் தெரியாது," என்றார் அடைக்கலசாமி. பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னார்: "ஜாஸ்லின் மாதிரி ஒரு பொண்ணுக்கு இதெல்லாம் ரொம்பப் புடிக்கும் தம்பி."

கிளமென்ட் விழுந்தது அந்த இடத்தில்தான். கவசத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரு பெண். அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை; இன்னும் சின்ன அளவில் ஒரு வளையச் சட்டை செய்ய எவ்வளவு வளையம் வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே கவசத்தை நெல் சாக்கில் போட்டுக்கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார்.

"என்ன, பழைய இரும்பா? லக்கேஜ் போடணும்."

கிளமென்ட் லக்கேஜ் போட்டான்.

சூசையப்பர்புரத்தில் ஒத்திகை நடந்தது ஊர்க் களத்தில். சம்பா அறுப்பு முடிந்து, பிடுங்கிவந்த உளுந்துச் செடியைக் களம் முழுக்கக் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்; பாலஸ்தீனம் அதற்குள் அடங்க வேண்டும்.

தரகர் சாமிதுரை அங்கே அரியணையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பிலாத்து.

"நீங்க எப்படிங்க இங்க?"

"வருஷா வருஷம் நான்தான் தம்பி. கை கழுவுற வேலைதானே, நமக்குப் பழக்கமாச்சே."

இயேசு வேஷம் ரெத்தினத்துக்கு. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். சாந்தமான ஆள். அவருடைய ஒரே கவலை, பெரிய வெள்ளியன்றும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிட்டாக வேண்டும் என்பது. சிலுவைப்பாடு இழுத்துக்கொண்டே போனால் ஊர்ப் பெண்கள் குடத்தோடு கல்வாரிக்கே வந்துவிடுவார்கள்.

இராயப்பர் என்று பெரியவர்கள் சொல்லும் சீமோன் பேதுரு வேஷம் ஜோஸ்வாவுக்கு. வெளியூர்க்காரன்; திருப்பனந்தாளில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவன். கிளமென்ட் வயதுதான். மாலையில் வங்கி முடிந்ததும் பைக்கில் வருவான். யாரோடும் அதிகம் பேச மாட்டான். நன்றாகச் சவரம் செய்துகொண்டு வந்து, அதன்மேல் தாடியை ஒட்டிக்கொள்வான்.

படைவீரர்கள் வெள்ளிப் பேப்பர் ஒட்டிய அட்டைக் கத்திகளோடு நின்றார்கள். டிராக்டர் டிரைவர் ஒருவர் தன் கத்தியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

கிளமென்ட் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. "அண்ணே, வாளை அப்படிப் புடிக்கக் கூடாது. கட்டை விரல் இங்க வரணும்," என்றான்.

இதுதான் முதல் தவறு.

"நீங்களே எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துடுங்க தம்பி," என்றார் அடைக்கலசாமி. "ஜாஸ்லினுக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவா!"

கிளமென்ட் சொல்லிக்கொடுத்தான். எப்படி நிற்பது, எடையை எந்தக் காலில் வைப்பது, மேலிருந்து வரும் வெட்டை எப்படி வாங்கித் திருப்புவது. அட்டைக் கத்திகள் முதல் வெட்டிலேயே மடிந்தன. ஆகவே மூங்கில் கழி கொண்டுவரச் சொன்னான். மூங்கில் வந்ததும் விரல் நசுங்கிற்று. ஆகவே கைக்குக் கோணிச்சாக்கில் உறை தைக்கச் சொன்னான். கைக்கு உறை வந்ததும் ஆட்களுக்கு பயம் போய்விட்டது. பயம் போனதும் உளுந்து பக்கம் இறங்கி அடித்துக்கொண்டார்கள்.

"ஏய்யா, நான் உளுந்து அடிக்க ஆள் வெச்சிருக்கேன். நீங்க அடிக்க வேணாம்!" என்று உளுந்துக்குச் சொந்தக்காரப் பெண்மணி வாய்க்கால் கரையிலிருந்து கத்தினாள். பிறகு வந்து பார்த்துவிட்டு, செடியெல்லாம் நன்றாக உதிர்ந்திருந்ததால், நாளைக்கு அந்தப் பக்கம் நின்று அடியுங்கள் என்று இடம் காட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வாரத்தில் சூசையப்பர்புரத்து ரோமப் படை பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு சைகைக்கு எல்லோரும் ஒன்றாக அடி வைத்தார்கள். கிளமென்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெர்மனியில் அவன் கடைசி வரிசையில் நிற்பவன். இங்கே ஒரு படையே அவன் சொன்னபடி திரும்பியது.

ஆனால் கெத்சமனித் தோட்டக் காட்சியில் சிக்கல் வந்தது. வீரர்கள் இயேசுவைக் கைது செய்ய வர வேண்டும். இராயப்பர் வாளை உருவி ஒருவனின் காதை வெட்ட வேண்டும். "வாளை உறையில் போடு" என்று இயேசு சொல்ல வேண்டும். சீடர்கள் ஓட வேண்டும். ஒத்திகையில் இராயப்பர் வாளை உருவுவதற்குள் வீரர்கள் அவரைச் சுற்றி வளைத்து உட்கார வைத்துவிட்டார்கள். யோவானுக்கு முழங்கையில் வீக்கம்.

ஜோஸ்வா தாடியை எடுத்துவிட்டு நேராக கிளமென்ட்டிடம் வந்தான்.

"இது நியாயமில்லைங்க. படைவீரனுக்கு மட்டும் சொல்லிக்குடுப்பீங்க, சீடனுக்குக் கிடையாதா? இராயப்பருக்கும் வாள் உண்டுன்னு பைபிள்லயே இருக்கு."

நியாயமாகத்தான் பட்டது. கிளமென்ட் சீடர்களுக்கும் சொல்லிக்கொடுத்தான்.

இது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. சீடர்கள் எட்டே பேர் என்றாலும் அடி வாங்கிய ஆத்திரத்தோடு கற்றுக்கொண்டார்கள். ஜோஸ்வாவுக்கு இயல்பிலேயே கை ஓடியது. பெரிய வாரம் பிறந்தபோது ரோமப் படை இயேசுவின் பக்கத்தில்கூட வர முடியாத நிலைமை.

"இப்படியே போனா மீட்பு நடக்காது தம்பி," என்றார் அடைக்கலசாமி கவலையோடு.

கிளமென்ட் ஒரு வழி கண்டுபிடித்தான். எல்லோரும் சண்டை போட வேண்டாம். நூற்றுவர் தலைவனும் இராயப்பரும் மட்டும் நாலு வெட்டு வெட்டிக்கொள்ளட்டும். ஐந்தாவதில் ஜோஸ்வா தோற்றுவிடட்டும்.

ஜோஸ்வா தலையைக் குனிந்துகொண்டான். "வேற எது வேணாலும் சொல்லுங்க. தோக்க மட்டும் முடியாத நெலமைங்க எனக்கு. அன்னைக்குப் பாக்க வேண்டியவங்க பாக்குறாங்க."

"எனக்கும் அப்படித்தாங்க," என்றான் கிளமென்ட்.

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு அன்றைக்கு எப்படி வருகிறதோ வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் மாதத்திலேயே வந்துவிட்டது. இருந்தாலும் பெரிய வெள்ளி வெயில் பெரிய வெள்ளி வெயிலாகவே அடித்தது. வழிபாடு முடிந்து நாலு மணிக்குக் கூட்டம் களத்தைச் சுற்றி உட்கார்ந்தது. வாழை மரங்களை வெட்டி வந்து நட்டு கெத்சமனித் தோட்டம் போட்டிருந்தார்கள். முன் வரிசை நாற்காலியில் பங்குச்சாமியார். பெண்கள் பக்கத்தில் வெளியூர் முகங்கள் நிறைய. அதில் ஊதா சுடிதாரில் ஒரு பெண் உட்கார்ந்து செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். பகலில் தூங்குகிறவள் போலக் கண் சிவந்திருந்தது. ஜாஸ்லின்தான் என்று கிளமென்ட் முடிவு செய்துவிட்டான்.

தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்க்க நினைத்தான். வியர்வையில் கை வழுக்கி முகமூடி படாரென்று கீழே விழுந்து பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவனுக்கு உலகம் ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

"நில்!" என்றான் வயிற்றிலிருந்து. கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலுக்கு முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

கோட்டுக்குள் ஜோஸ்வாவின் தாடி வந்தது. வாள் வந்தது. கிளமென்ட் வாங்கித் திருப்பினான். ஜோஸ்வா சுழன்று வந்து தலையில் ஒன்று போட்டான். டங் என்று கோவில் மணிபோல் கேட்டது. கூட்டம் கைதட்டியது. ஊதா சுடிதார் செல்போனை இறக்கியது. அதைப் பார்த்ததும் இருவருக்கும் கை வேகம் கூடியது.

நாலு வெட்டு முடிந்தது. பத்தும் முடிந்தது. ஜோஸ்வா பின்வாங்கினால் கிளமென்ட் போனான். கிளமென்ட் பின்வாங்கினால் ஜோஸ்வா வந்தான். கெத்சமனித் தோட்டத்து வாழைமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தலைவர்கள் இருவரும் சும்மா விடாததைப் பார்த்து, பின்னால் நின்ற வீரர்களும் சீடர்களும் தாங்களும் இறங்கினார்கள். யூதாஸ் எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்கினான்.

மைக்கில் அடைக்கலசாமி கதையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்பொழுது சீடர்கள்... சற்று நேரம் போரிட்டார்கள். ஆம் அன்பானவர்களே... மேலும் சற்று நேரம் போரிட்டார்கள்."

பங்குச்சாமியார் பைபிளைத் திறந்து பக்கம் புரட்ட ஆரம்பித்தார்.

"சீமோனே, வாளை உறையில் போடு," என்றார் ரெத்தினம் சாந்தமாக.

யாரும் கேட்கவில்லை.

"சீமோனே, வாளை உறையில் போடு."

"இருங்கண்ணே, ஒரு நிமிஷம்," என்றான் ஜோஸ்வா மூச்சு வாங்க.

ரெத்தினம் அங்கிக் கையை லேசாக விலக்கி வாட்சைப் பார்த்தார். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. இன்னும் தீர்ப்பு இருக்கிறது, சிலுவைப் பாதை இருக்கிறது, மூன்று முறை விழ வேண்டும். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, சண்டையைச் சுற்றிக்கொண்டு, உளுந்து மிதிபடாமல் ஓரமாக நடந்து, தன்னந்தனியாகப் பிலாத்துவின் அரண்மனைக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"நானே வந்துட்டேன். ஆரம்பிங்க."

"என்ன குற்றம்?" என்றார் பிலாத்து, வசனப்படி.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கையைக் கழுவுங்க, நேரமாச்சு."

சாமிதுரை கை கழுவினார்.

கிளமென்ட்டும் ஜோஸ்வாவும் ஒரே நேரத்தில் உளுந்துக் குவியலில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் படுத்தபோது, களத்தில் வேறு யாருமே இல்லை. கூட்டம் கல்வாரிக்குப் போய்விட்டிருந்தது. ஊதா சுடிதாரும் போய்விட்டது. ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனின் பைக்கில்.

ஆனால் பாஸ்கா பெரிய வெற்றி. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கெத்சமனியைப் பார்த்ததில்லை என்று ஊரே சொன்னது. பங்குச்சாமியார் மட்டும் பைபிளை மூடிக்கொண்டு போனார். அடைக்கலசாமி இருவரையும் தேடிவந்து கட்டிப்பிடித்தார். கவசம் குத்தியும் விடவில்லை.

"அடுத்த வருஷமும் நீங்க ரெண்டு பேருந்தான். சொல்லிட்டேன்."

அடுத்த வருஷம் மருமகனாக வருவேன் என்று கிளமென்ட் கவசத்துக்குள் நினைத்துக்கொண்டான்.

தலைக்கவசம்தான் கழலவில்லை. தண்ணீர் ஊற்றினால் வழுக்கி வரும் என்று ஜோஸ்வா அவனைக் கையைப் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருந்த குழாயடிக்கு அழைத்துப் போனான். குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. ஜோஸ்வா அவன் தோளில் கால் வைத்து இழுத்தான். ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு கவசம் இடது காதின் தோலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு கழன்றது.

"பைபிள்படி காது போயிடுச்சு," என்றான் ஜோஸ்வா. இருவரும் சிரித்தார்கள். மூன்று வாரம் அடித்துக்கொண்டதில் நல்ல சிநேகிதமாகியிருந்தது.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க," என்றான் கிளமென்ட். "நான் பாஸ்காவுக்காக வரலைங்க. அடைக்கலசாமி மாமா பொண்ணை எனக்குப் பேசியிருக்காங்க. ஈஸ்டருக்குப் பொண்ணு பாக்கணும். ஜாஸ்லின்."

ஜோஸ்வா தாடியைப் பாதி பிரித்த நிலையில் நின்றான். மீதிப் பாதி கன்னத்தில் தொங்கியது.

"எனக்குப் பேசியிருக்கறதும் அவரு பொண்ணுதாங்களே," என்றான் மெதுவாக. "சான்ட்ரா. கோயம்புத்தூர்ல நர்சிங் படிக்குது. போன ஈஸ்டருக்கே பாக்க வேண்டியது. அதுக்குப் பரீட்சை வந்துடுச்சு."

கிளமென்ட் இரண்டு பெயரையும் விரல் மடக்கி எண்ணினான்; கணக்கு புரிந்தது.

"அப்ப ரெண்டு பொண்ணு!"

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு!"

"அப்ப நாம சகலை!"

"சகலை!" என்று ஜோஸ்வா அவனைக் கட்டிக்கொண்டான். பதினாலாம் நூற்றாண்டு வளையங்களில் முதலாம் நூற்றாண்டுத் தாடி சிக்கிக்கொண்டது. இரண்டு கல்யாணத்தையும் ஒரே மேடையில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவாயிற்று. வாள்களைக் குறுக்காகப் பிடித்து, மணமக்கள் அதற்கடியில் நடந்து வரலாம் என்றான் கிளமென்ட்.

சிலுவையிலிருந்து இறக்கிய கையோடு ரெத்தினம் ஓடி வந்துகொண்டிருந்தார். தலையில் முள்முடி அப்படியே இருந்தது. வாட்சைப் பார்த்துக்கொண்டே குனிந்து, தொட்டியின் வால்வைத் திருகினார்.

"அண்ணே, ஊர்க்காரரு நீங்க சொல்லுங்க," என்றான் ஜோஸ்வா சந்தோஷம் தாங்காமல். "அடைக்கலசாமி மாமா பொண்ணுங்கள்ல மூத்தது யாரு, ஜாஸ்லினா, சான்ட்ராவா?"

ரெத்தினம் வால்விலிருந்து கையை எடுக்காமல் அவர்களை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, அடைக்கலசாமி அண்ணனுக்கா? அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவலைங்களே."